ஆடிக்காத்துல ஸ்லோப் க்ளைடர், கையை விட்டதும் புரளுது. கோத்தகிரி பக்கம் யாராச்சும் பறக்க விடுறீங்களா?

கோத்தகிரி காத்தாடி

எல்லாருக்கும் வணக்கம். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றாங்க, எங்க ஊர்ல அம்மி பறந்தாலும் பறக்கும் போல, என் க்ளைடர்தான் பறக்க மாட்டேங்குது.

விவரம் சொல்லிடுறேன். ஸ்லோப் க்ளைடர்னா ரிமோட்ல ஓட்டுற மாடல், மலைச்சரிவுல மேல ஏறுற காத்துலயே பறக்கும். மோட்டார் கிடையாது, வால் கிடையாது, ஈபிபி ஃபோம்ல செஞ்ச வெறும் விங். ஒன்றரை மீட்டர் அகலம், பேட்டரி ரிசீவர் எல்லாம் சேத்து 850 கிராம், ரெண்டு சர்வோ (குட்டி மோட்டார்), அது அசைக்கிற எலிவான் (இறக்கையோட பின்விளிம்புல மேல கீழ அசையுற பட்டை). பிப்ரவரி மார்ச்ல இதே சரிவுல அருமையா பறந்துச்சு, காலைல வெயில் ஏறினதும் லேசா ஒரு காத்து கீழ இருந்து மேல வரும்ல, அதுல விட்டா போதும், கை வலிக்கிற வரைக்கும் நிக்கும். இப்ப காத்து பலமா அடிக்குது, அப்படின்னா இன்னும் நல்லா பறக்கணும்ல?

சரிவு எப்படின்னா, டீ எஸ்டேட்டுக்கு மேல ஒரு புல்லு மேடு, கிழக்கு பாத்து இறங்குது, கீழ நல்ல பள்ளம், மரம் அதிகம் இல்ல. காத்து ஒரே மாதிரி வரல. கொஞ்ச நேரம் முதுகுல அடிக்கும், அப்புறம் திடீர்னு கீழ இருந்து முகத்துல அடிக்கும், முகத்துல அடிக்கிற நேரம் பாத்துதான் விடுறேன். விட்டதும் ஜிவ்வுனு பத்தடி ஏறும், ஆஹான்னு பாக்குறதுக்குள்ள ஒரு பக்கமா புரண்டு நேரா டீ செடிக்குள்ள. ஃபோம்ங்கறதால பெருசா ஒண்ணும் ஆகல, டேப்தான் கிழியுது.

கை வேகம் பத்தலையா, வெயிட் ஏத்தணுமா, சிஜியை (மொத்த எடையும் சமமா நிக்கிற புள்ளி) முன்னாடி தள்ளணுமா? ஒவ்வொரு வீடியோவுலயும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. ஏதாவது சொல்லுங்கண்ணா.

பெசன்ட்நகர் பல்சா

ப்ரோ வேகம்தான் பத்தல. நாலு அடி ஓடி வந்து மூக்கை லேசா மேல தூக்கி பலமா எறிங்க, ஏறினதுக்கு அப்புறம் லெவல் பண்ணிக்கலாம். நான் கிரவுண்ட்ல அப்படித்தான் விடுறேன், ஒரு பிரச்சனையும் இல்ல.

கொடை கம்பளி

மேல சொன்னதை தயவு செஞ்சு மலையில பண்ணிடாதீங்க தம்பி. கிரவுண்ட்ல காத்து இல்லாதப்ப வேகத்தை நம்ம கைதான் குடுக்கணும், அதனால ஓடி எறியுறது சரி. மலை விளிம்புல 40 கிலோமீட்டர் காத்து முகத்துல அடிக்குதுன்னா கையில பிடிச்சிருக்கும்போதே க்ளைடர் 40ல பறந்துகிட்டுதான் இருக்கு. அதுல மூக்கைத் தூக்கி விட்டா வயித்துல காத்து வாங்கி மேல போயி, வேகம் செத்து, பின்னாடி வந்து விழும், அதுவும் நம்ம தலைக்குப் பின்னாடி.

ஆனா உங்க பிரச்சனை எறியுறதே இல்லைன்னு எனக்குத் தோணுது. கிழக்கு பாத்த சரிவுன்னு சொன்னீங்க, ஆடி மாசம்னு சொன்னீங்க. தென்மேற்குப் பருவக்காத்து மேக்க இருந்து வருது. கோத்தகிரிக்கு மேக்க 2637 மீட்டர்ல தொட்டபெட்டா நிக்குது, அந்தத் தொடர் மறைக்கிறதாலதான் உங்க ஊருக்கு ஆடி மழையே ஊட்டி மேக்குப் பக்கம் மாதிரி கிடையாது. அப்ப நீங்க நிக்கிறது மலையோட முதுகுப் பக்கம். காத்து உங்களுக்குப் பின்னாடி இருந்து மேட்டைத் தாண்டி வந்து கீழ இறங்கிட்டு இருக்கு.

அப்ப முகத்துல அடிக்கிறது என்னன்னு கேப்பீங்க. ஆத்துல பெரிய பாறைக்குப் பின்னாடி தண்ணி திரும்பி பாறையைப் பாத்தே வரும் பாத்திருக்கீங்களா, அதேதான். மேட்டைத் தாண்டுன காத்து சரிவோட ஒட்டி இறங்க முடியாம பிச்சுக்கிட்டுப் போயி, அடியில ஒரு உருளையா சுத்தும். அந்த உருளையோட அடிப்பக்கம் தரையை ஒட்டி சரிவுல மேல ஏறி வரும், அதுதான் உங்க முகத்துல படுறது. நீங்க நல்ல காத்துன்னு நினைச்சு விடுறீங்க, பத்தடி ஏறினதும் உருளையோட மேல்பக்கத்துக்குப் போயிடுது, அங்க காத்து அப்படியே எதிர் திசை, அதாவது க்ளைடருக்குப் பின்பக்கத்துல இருந்து. இருந்த ஏர்ஸ்பீட் (காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போற வேகம்) ஒரே நொடியில காலி. புரளாம என்ன பண்ணும்? கை வேகமும் சிஜியும் இதுக்கு ஒண்ணும் பண்ணாது. எவ்வளவு நல்ல பைலட்டா இருந்தாலும் அங்க 850 கிராம் ஃபோம் விங்கை நிறுத்த முடியாது.

ஒரு டெஸ்ட் சொல்றேன். தரையில காத்தைப் பாக்காதீங்க, மேல மேகம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க, மூஞ்சில படுற காத்தும் மேகமும் எதிரெதிரா இருந்துச்சுன்னா க்ளைடரைப் பெட்டியில இருந்து எடுக்கவே வேணாம். இன்னொண்ணு, ஒரு நீளக் குச்சி நுனியில ஒரு முழம் கம்பளி நூல் கட்டிக்கிட்டு மேட்டுல இருந்து சரிவு வரைக்கும் மெதுவா நடந்து பாருங்க. நூல் ஒரே பக்கமா நீட்டிக்கிட்டு நின்னா அது காத்து. சுத்திச் சுத்தித் தொங்குச்சுன்னா அது ரோட்டர், அதாவது நான் சொன்ன உருளை. பிளாஸ்டிக் கவர் கட்டாதீங்க, உங்க மாவட்டத்துல அதுக்குத் தனியா ஃபைன் வேற.

கோத்தகிரி காத்தாடி

அண்ணா இப்பதான் வெளிய போயி பாத்துட்டு வரேன். மேகம் தொட்டபெட்டா பக்கம் இருந்து கிழக்க ஓடுது, செம வேகம். சரிவுல நின்னா காத்து கிழக்க இருந்து வருது. நூல் கட்டவே வேண்டியதில்ல போல.

அப்போ பிப்ரவரில எப்படிண்ணா பறந்துச்சு? ஆடியில எங்க போறது?

கொடை கம்பளி

பிப்ரவரில மேல பெருசா காத்து கிடையாது. கிழக்குச் சரிவுல காலை வெயில் நேரா விழுந்து தரை சூடாகி, அந்தக் காத்து சரிவை ஒட்டி மேல ஏறுது, அதுலதான் பறந்தீங்க. உங்க சரிவுக்கு உண்மையான சீசன் வடகிழக்கு காத்து, ஐப்பசி கார்த்திகை மழை விட்ட நாள்ல இருந்து தை வரைக்கும். ஆடி அளவுக்கு பலம் இருக்காது, ஆனா சீரா வரும், உங்க விங்குக்கு அது போதும்.

ஆடியில பறக்கணும்னா மேற்கு பாத்த சரிவு வேணும். நீலகிரியில மேற்கு விளிம்புன்னா அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குருத்தி. எல்லாம் காடு, உள்ள விடமாட்டாங்க, விட்டாலும் மழை விடாது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, ஞாபகம் இருக்கும். எங்க பழனி மலை அந்த விஷயத்துல கொஞ்சம் தேவலை. மேக்க ஆனைமலை நின்னு மழையை வாங்கிக்குது, எங்களுக்குப் பெருமழை ஐப்பசியிலதான். ஆடியில பூம்பாறை தாண்டி மன்னவனூர் பக்கம் காத்து மட்டும் அள்ளிக்கிட்டுப் போகும், சாரல் வரும் போகும். வட்டமா உருண்டு இறங்குற புல்மேடு இருக்கு, பட்டா நிலமா பாத்து நிலத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு விடுவோம்.

கோக்கர்ஸ் வாக் அழகா இருக்கே அங்க விடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வேணாம். கூட்டம் ஒரு காரணம், இன்னொரு காரணம் அது செங்குத்துப் பாறை. செங்குத்து விளிம்புல லிஃப்ட் (மேல தூக்குற காத்து) பிரமாதமா இருக்கும், ஆனா விளிம்புலயே ரோட்டர் ஆரம்பிச்சிடும், விடுறதும் கஷ்டம் இறக்குறது அதைவிடக் கஷ்டம், பாறைக்குக் கீழ விழுந்தா எடுக்கவும் முடியாது. புதுசா வர்றவங்களுக்கு உருண்டையான சரிவுதான்.

சிங்காநல்லூர் சர்வோ

கம்பளி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. ரோட்டர்ல பறக்கவே முடியாதுன்னு மட்டும் எழுதிடாதீங்க, டைனமிக் சோரிங்னு மலைக்குப் பின்பக்கம்தான் பறக்குறாங்க, 2021ல கலிஃபோர்னியா பார்க்கர் மலையில மணிக்கு 880 கிலோமீட்டர் தாண்டிட்டாங்க. மேல ஓடுற காத்துக்கும் அடியில செத்துக் கிடக்குற காத்துக்கும் நடுவுல வட்டம் போட்டு ஒவ்வொரு சுத்துலயும் வேகம் எடுக்குறது. அது கார்பன்ல வார்த்த கல்லு மாதிரி க்ளைடருங்க, நம்ம ஃபோமுக்கு சம்பந்தமே இல்ல. சும்மா தகவலுக்கு.

வெயிட் பத்தி தம்பி கேட்டாருல்ல, அதை யாரும் தொடல. பலமான காத்துல வெயிட் கண்டிப்பா வேணுங்க. வெயிட் கூடினா வேகம் அதோட வர்க்கமூலம் அளவுக்குக் கூடும். உங்க விங் 850 கிராம்ல நிதானமா 40 கிலோமீட்டர்ல போகுதுன்னு வெச்சுக்கலாம், எதிர்ல 45 காத்து அடிச்சா அது பின்னாடிதான் வரும், நீங்க என்ன ஸ்டிக் பிடிச்சாலும். 400 கிராம் ஏத்தி 1250 ஆக்குனீங்கன்னா அதே நிதானத்துல 48 போகும். அந்த மூணு கிலோமீட்டர்தாங்க மலைக்கு முன்னாடி நிக்கிறதுக்கும் மலைக்குப் பின்னாடி போறதுக்கும் வித்தியாசம். லிஃப்ட் போயிடுமேன்னு பயப்படாதீங்க, அந்தக் காத்துல லிஃப்ட் தேவைக்கு மேலயே கிடக்கும். எஃப்3எஃப்னு சரிவு ரேஸ் இருக்கு, 100 மீட்டர் கோர்ஸ்ல பத்து லேப், ரூல்படி நொடிக்கு 25 மீட்டர் காத்து வரைக்கும் நடத்தலாம், அதாவது மணிக்கு 90. அவங்க எல்லாம் இறக்கைக்குள்ள குழாய் வெச்சு பித்தளை, ஈயம்னு அடைச்சுக்கிட்டுதான் விடுறாங்க.

வெயிட்டை மூக்குல வெக்காதீங்க. சரியா சிஜி கோட்டு மேலயே வரணும், கோட்டுக்கு முன்னாடி பாதி பின்னாடி பாதி. மூக்குல ஏத்துனா சிஜி முன்னாடி போயி, அதைச் சமாளிக்க எலிவானை மேல தூக்கி வெப்பீங்க, அப்புறம் ஒவ்வொரு தடவை வேகம் எடுக்கும்போதும் மூக்கைத் தூக்கும், ஒரு கஸ்ட், அதாவது திடீர் வீச்சு வந்தா விங் அப்படியே எழுந்து நிக்கும். வழக்கமான சிஜியில இருந்து அஞ்சு மில்லிமீட்டர் முன்னாடி போனா தப்பில்ல, அதுக்கு மேல வேணாம். வெயிட்டுக்கு எங்கயும் ஆர்டர் போட வேண்டியதில்லைங்க, டயர் கடையில வீல் பேலன்ஸுக்கு ஒட்டுற பட்டை வெயிட் கேளுங்க, கிராம் போட்டே இருக்கும். ஃபோம்ல குழி வெட்டி உள்ள வெச்சு மேல ஃபைபர் டேப் ஒட்டிடுங்க. வெறுமனே அடியில ஒட்டுனா முதல் லேண்டிங்லயே அதுமட்டும் தனியா பறந்து போயிடும்.

அப்புறம் உயரத்தை மறந்துடாதீங்க. கோத்தகிரி உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறுல ஒரு பங்கு கொறவு. சமவெளியில எந்த வேகத்துல ஸ்டால் ஆகுமோ (வேகம் பத்தாம இறக்கை தூக்குறதை விட்டுடுறது) அதைவிட பத்து சதவீதம் கிட்ட வேகமாவே மலையில ஸ்டால் ஆகும். கோயமுத்தூர்ல செட் பண்ணி எடுத்துட்டு மேல வந்தா எல்லாமே கொஞ்சம் அவசரமா நடக்குற மாதிரி இருக்கும்.

கோத்தகிரி காத்தாடி

சூப்பர்ணா, இது புரிஞ்சுது. அப்ப நல்ல மேற்குச் சரிவு, வெயிட்டும் ஏத்தியாச்சுன்னு வெச்சுக்குங்க, பலமான காத்துல எப்படித்தான் கையை விடுறது? கையில பிடிச்சுக்கிட்டு நிக்கவே பயமா இருக்கு, ஆளைத் தூக்குற மாதிரி இழுக்குது.

கொடை கம்பளி

இழுக்கத்தான் செய்யும். காத்து ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்கு. காரை விட்டு எடுக்கும்போதே மூக்கு காத்தைப் பாத்து, கொஞ்சம் கீழ குனிஞ்ச மாதிரி பிடிச்சுக்கிட்டே நடங்க. பக்கவாட்டுல திருப்புனா கையை விட்டுப் பிடுங்கிட்டுப் போயிடும். கீழ வெக்கணும்னா தலைகீழா வெச்சு மேல ஒரு பை போடுங்க.

முதல்ல காத்தை அளங்க. மீட்டர் இருந்தா நல்லது, இல்லைன்னா குடை பிடிக்க முடியாத அளவு, பெரிய கிளை எல்லாம் ஆடுதுன்னா 40ஐ தொட்டாச்சு. மரம் முழுசா ஆடி, எதிர்ல நடக்கவே சிரமமா இருந்தா 50 தாண்டிருச்சு, அன்னிக்கு உங்க விங்குக்கு லீவு குடுத்துட்டு டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க.

நிக்கிற இடம்தான் பாதி வேலை. உச்சியில சமதரையில நின்னு விடாதீங்க. உருண்டையான சரிவுல நாலஞ்சு அடி முன்னாடி இறங்கி, கம்பளி நூல் ஆடாம விறைச்சு நிக்கிற இடம் ஒண்ணு கிடைக்கும், அங்க நில்லுங்க. ரெண்டு எலிவானும் சரியான பக்கம் அசையுதான்னு பாத்துடுங்க, ஸ்டிக்கை வலதுக்குத் தள்ளுனா வலது எலிவான் மேல, இடது கீழ, ஸ்டிக்கைக் கீழ இழுத்தா ரெண்டும் மேல. ஒவ்வொரு தடவையும், போன ஃப்ளைட் முடிஞ்சு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சுன்னாலும். பேட்டரி கனெக்டர் விழுந்ததுல லூசாயிருக்கும்.

கூட ஒருத்தர் இருந்தா அவரை விடச் சொல்லுங்க, உங்க ரெண்டு கையும் ஸ்டிக்ல இருக்கணும். ஆள் இல்லைன்னா, மோட் 2 தானே (எலிவானை ஓட்டுறது வலது ஸ்டிக்) வெச்சிருப்பீங்க, வலது கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு எடுக்கவே கூடாது, இடது கையால விடுங்க. டிரான்ஸ்மிட்டரைக் கழுத்துப் பட்டையில மாட்டிக்கிட்டா ஒத்தைக் கையில ஆடாது. டிரிம் (ஸ்டிக்கைத் தொடாதப்ப எலிவான் நிக்கிற நிலை) வழக்கத்தைவிட ரெண்டு மூணு க்ளிக் டவுன், அதாவது மூக்கு கீழ போற பக்கம். மூக்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழ, இறக்கை ரெண்டும் லெவல், காத்துக்கு நேரா. கஸ்ட் உச்சத்துல விடாதீங்க, அது அடங்கி சீரா வரும்போது ஒரு தள்ளு, அவ்வளவுதான். எறியுறது இல்ல, தள்ளுறது. கீழ பள்ளத்துல ஒரு இடத்தைக் குறி வெச்சு அங்க அனுப்புற மாதிரி. பயத்துல எல்லாரும் கடைசி நொடியில ஸ்டிக்கைப் பின்னாடி இழுப்பாங்க, அதுதான் விங்கை நம்ம தலைக்கு மேல கொண்டு வந்து போடும்.

விட்டதும் திரும்பாதீங்க. நேரா முப்பது நாப்பது மீட்டர் வெளிய போகட்டும். அப்புறம் சரிவுக்கு இணையா போகணும்னாலும் மூக்கு எப்பவும் பாதி வெளிய பாத்த மாதிரியே இருக்கணும், நண்டு மாதிரி பக்கவாட்டா நகரும். ஒவ்வொரு திருப்பமும் மலையை விட்டு வெளிப்பக்கமா. உள்பக்கம் ஒரே ஒரு தடவை திருப்புனா 45 காத்தும் அதோட வேகமும் சேந்து மணிக்கு 90ல மலைக்குள்ள வரும், யோசிக்கக்கூட நேரம் இருக்காது. பின்னாடி யாரும் நிக்காம பாத்துக்குங்க, குழந்தைங்க ஓடி வந்துடும்.

இன்னொண்ணு, பனி. கீழ பள்ளத்துல வெள்ளையா உருண்டு ஏறுறது தெரிஞ்சதுமே இறக்கிடுங்க. இங்க வரட்டும் பாக்கலாம்னா, வந்துடும், அப்புறம் க்ளைடர் எங்கன்னு சத்தத்தை வெச்சும் கண்டுபிடிக்க முடியாது, மோட்டார் இல்லையே.

பெசன்ட்நகர் பல்சா

மலை விஷயம் எனக்குப் புதுசு, நல்லா இருக்கு படிக்க. ஒரு டவுட், இறக்குறது எப்படி? இவ்வளவு லிஃப்ட் இருந்தா கீழயே வராதே. ஃப்ளாப் (இறங்கும்போது கீழ மடக்குற இறக்கைப் பலகை) வேற கிடையாது. எலிவான் ரெண்டையும் மேல தூக்கி பிரேக் மாதிரி பண்ணலாமா?

சிங்காநல்லூர் சர்வோ

வால் இல்லாத விங்ல ரெண்டையும் தூக்குனா பிரேக் ஆகாதுங்க, மூக்குதான் தூக்கும், இன்னும் மேல போகும். ஃப்ளாப் இருக்குற வால் க்ளைடர்ல ஃப்ளாப்பைக் கீழ இறக்கி அய்லரானை மேல தூக்கி இறங்குவாங்க, அது வேற.

விங்கை நான் எப்படி இறக்குவேன்னா, சரிவு முனையில, அதாவது மலை வளைஞ்சு திரும்புற இடத்துல லிஃப்ட் கொஞ்சம் செத்திருக்கும், அங்க கொண்டு போயி உயரத்தைக் குறைச்சுட்டு, உச்சியை ஒட்டி தாழ்வா வந்து, காத்தைப் பாத்துத் திருப்பி, சரிவோட முன்பக்கப் புல்லுலயே டவுன் குடுத்து அழுத்தி உக்கார வெச்சுடுவேன். எதிர்காத்து இருக்குறதால தரையைத் தொடும்போது ஆள் நடக்குற வேகம்தான் இருக்கும். சில பேர் உச்சிக்குப் பின்னாடி சமதரையில இறக்குங்கன்னு சொல்வாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, அங்கதான் ரோட்டர் காத்துக்கிட்டு இருக்கு. கடைசி வரைக்கும் வேகத்தைக் குறைக்காதீங்க. கையில பிடிக்கவும் போகாதீங்க, ஒண்ணேகால் கிலோ மூஞ்சில அடிச்சா ஃபோமா இருந்தாலும் வலிக்கும்.

சீகை மரம்

நான் பறக்க விடுறதில்ல, குன்னூர்ல எஸ்டேட் வேலை, தம்பி மகன் ட்ரோன் வெச்சிருக்கான், அதனால இந்தப் பக்கம் வந்தேன். ஒண்ணு ரெண்டு சொல்லிட்டுப் போறேன்.

ட்ரோன் ரூல்ஸ் 2021ல மாடல் விமானத்துக்கும் இடம் இருக்கு, 25 கிலோவுக்குள்ள, பொழுதுபோக்குக்கு, கண்ணுக்குத் தெரியுற தூரத்துல மட்டும்னு. மோட்டார் இல்லைன்னு சொல்லி அதுல இருந்து தப்பிச்சுக்க நினைக்காதீங்க. அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல உங்க இடம் பச்சையா மஞ்சளா சிவப்பான்னு பாத்துட்டுப் போங்க, பச்சைன்னாலும் 400 அடிக்கு மேல போகக் கூடாது. வெலிங்டன் ராணுவ இடம், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதீங்க. காடுன்னா வனத்துறை அனுமதி, கொடைக்கானல்லயும் 2013ல இருந்து பெரும்பகுதி காடு சரணாலயம். எஸ்டேட் நிலம்னா ரைட்டரையோ மேனேஜரையோ கேளுங்க, சாயங்காலம் செடிக்குள்ள ஆள் நடமாட்டம் தெரிஞ்சா வாட்ச்மேன் சும்மா விடமாட்டார்.

அதைவிட முக்கியம், கோத்தகிரி பக்கம் கரடி. காட்டுமாடும் செடி மறைவுல படுத்திருக்கும், பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. அஞ்சு மணிக்கு மேல எது விழுந்தாலும் காலைல தேடிக்கலாம், இல்லைன்னா ரெண்டு மூணு பேரா பேசிக்கிட்டே போங்க. கவாத்து வெட்டுன செடியில விழுந்தா குச்சி எல்லாம் ஈட்டி மாதிரி நிக்கும், பேப்பர் டேப் எல்லாம் தாங்காது.

கோத்தகிரி காத்தாடி

கரடி மேட்டர் தெரியும்ணா, போன வாரம் எங்க லைன் வீட்டுப் பக்கமே வந்துட்டுப் போச்சு. தேடுறதுக்கு ஒரு பஸ்ஸர் ரிசீவர்ல மாட்டலாம்னு இருக்கேன், டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணா கத்துற மாதிரி.

கம்பளி அண்ணா, ஆவணி பாதி வரைக்கும் மன்னவனூர்ல காத்து இருக்குமா? சித்தப்பா வீடு வத்தலக்குண்டுல இருக்கு, லீவுக்கு அங்க வரும்போது மேல ஏறி வந்துடுவேன்.

கொடை கம்பளி

ஆவணி முடியுற வரைக்கும் இருக்கும், ஆடி அளவுக்கு முரட்டுத்தனம் இருக்காது, முதல் தடவைக்கு அதுதான் நல்லதும். வத்தலக்குண்டுல இருந்து காலைல முதல் பஸ் பிடிங்க, மத்தியானத்துக்கு மேல பனி ஏறிடும். 400 கிராமையும் ஒரேயடியா ஒட்டிட்டு வராதீங்க, நூறு நூறா பிரிச்சு வெச்சுக்குங்க, அன்னிக்குக் காத்தைப் பாத்து ஏத்திக்கலாம். ஸ்வெட்டர் வேணாம்னு விட்டுட்டு வந்துடாதீங்க, கை விறைச்சுப் போச்சுன்னா ஸ்டிக் பிடிக்க முடியாது. பஸ்ஸர் நல்ல யோசனை, ஆனா ஃபெயில்சேஃப்ல (சிக்னல் போனா ரிசீவர் தானா செய்யுறது) எலிவான் ரெண்டும் நடுவுல நிக்கிற மாதிரி செட் ஆகியிருக்கான்னு வீட்டுலயே ஒரு தடவை பாத்துட்டு எடுத்துட்டு வாங்க.